எழுதித் தாங்க

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. எழுதுவேன், பாதியில நிறுத்துவேன், அழிப்பேன். போன மாசம் ஒரு பேப்பர் கப் மறுபடியும் கிளப்பி விட்டது. கொஞ்சம் நீளம். சாயா ஒண்ணு போட்டுட்டு வந்து உக்காருங்க மக்கா.

நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு வீட்டு வேலை நடக்குற இடம். மாடி கட்டுறாங்க. ஜார்க்கண்ட்ல இருந்து வந்த மூணு பையன்கள் சாந்து குழைக்கிறாங்க. அதுல ஒருத்தன் குடும்பத்தோட வந்திருக்கான். அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்குற விஷயமாத்தான் நான் போனது. வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், பொய் சொல்லக்கூடாது. நாலு மணிக்கு சாயா வந்தது. கொத்தனாருக்குக் கண்ணாடி கிளாஸ். எனக்கும் கண்ணாடி கிளாஸ். பையன்கள் மூணு பேருக்கும் பேப்பர் கப்.

நான் பாக்குறதைப் பாத்துட்டு அவரே சொன்னார்: "சுத்தம் பாக்கணும்லா சார்... அவனுவளுக்கும் அதான் நல்லது."

சுத்தம்னா எனக்கும் பேப்பர் கப்புலதானே தந்திருக்கணும்? கேக்கல. குடிச்சு முடிச்சு கிளாஸைக் கீழ வச்சேன். சமூகப்பணியில எனக்கு இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். :-(

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் டீச்சரக்கா ஞாபகம்தான்.

*

டீச்சரக்கா எங்க அலுவலகத்துல களப்பணியாளர். முன்னாடி பால்வாடில வேலை பாத்ததால எல்லாரும் 'டீச்சர்'னு கூப்பிடுவாங்க, நான் கூட ஒரு அக்காவைச் சேத்துக்கிட்டேன். 2002ல நான் வேலைக்குச் சேந்தப்போ அவங்களுக்கு நாப்பது வயசுக்கு மேல. எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சு சூடு ஆறாம வந்தவன் நான். ஊருக்குள்ள போனா என்னை 'சார்'னு கூப்பிடுவாங்க. திரும்பி வரும்போது பஸ்ஸுல 'மக்கா'.

மகளிர் திட்டத்துல சுய உதவிக் குழுக்கள் மளமளன்னு வளந்த காலம் அது. தோவாளை தாலுகாவுல ஒரு ஊர், பேர் வேண்டாம். குழு ஊக்குநர் வீட்டுல கூட்டம். (அனிமேட்டர்னு சொன்னாத்தான் நம்ம ஊர்ல புரியும்.) பேங்க் லோனுக்கு முன்னாடி குழுவுக்கு மதிப்பெண் போடுற வேலை இருந்தது. கூட்டம் முடிஞ்சு சாயா வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர், கீழ ஒரு தட்டு வேற. அக்காவுக்கு விளிம்பு உடைஞ்ச ஒரு பீங்கான் கப்பு.

அதை யாரும் அக்கா கையில குடுக்கல. திண்ணையோட ஓரத்துல வச்சாங்க. அக்கா எடுத்துக் குடிச்சாங்க. எந்திரிச்சுப் போய் வெளிக்குழாய்ல கப்பைக் கழுவினாங்க. காம்பவுண்ட் சுவர் மேல ஒரு இடத்துல கவுத்தி வச்சாங்க. அந்த இடத்துல ஏற்கனவே கப்போட வட்டம் ஒண்ணு படிஞ்சு கிடந்தது. அப்போதான் எனக்கு உறைச்சது, இது இன்னைக்கு நடந்த காரியம் இல்ல, வருஷக்கணக்கா நடக்குறதுன்னு.

நான் என் டம்ளரைக் குடிச்சு முடிச்சேன். நல்ல சாயா. ஏலக்காய் போட்டிருந்தாங்க.

ஏன் பேசலன்னு கேட்டா அப்போ என்கிட்ட நல்ல பதில் இருந்தது. இன்னும் ரெண்டு கையெழுத்து பாக்கி. லோன் வந்தா பதினஞ்சு குடும்பத்துக்கு ஆதாயம். ஒரு கப்புக்காக காரியத்தைக் கெடுக்கவா? படிச்ச பாடமும் துணைக்கு வந்தது. பீஸ்டெக்னு ஒரு அமெரிக்க ஏசுசபைப் பாதிரியார் 1957ல எழுதின புத்தகம், சமூகப்பணி படிச்ச எல்லாருக்கும் மனப்பாடம். ஏழு கோட்பாடு. ஆளை உள்ளபடி ஏத்துக்கணும், தீர்ப்புச் சொல்லக்கூடாது, உன் உணர்ச்சியைக் கட்டுப்படுத்து... எவ்வளவு வசதி பாருங்க! அந்த வீட்டம்மாவை உள்ளபடி ஏத்துக்கிட்டேன், தீர்ப்புச் சொல்லல, உணர்ச்சியையும் கட்டுப்படுத்திட்டேன். மூணும் பாஸ். பக்கத்துல இருந்த அக்கா அந்தக் கணக்குல வரவே இல்ல.

பஸ்ஸுல அக்கா பிச்சிப்பூ விலையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தாங்க. எனக்குத்தான் தாங்கல.

"ஒண்ணும் நெனைக்காதீங்கக்கா."

"நான் என்னத்த நெனைக்க? நீ ஏதும் நெனைச்சியா மக்கா?"

அவ்வளவுதான். மறுபடியும் பிச்சிப்பூ.

*

இந்நேரம் உங்கள்ல சில பேருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். 'இவன் எந்த ஆளு?' எங்க மாவட்டத்துல இதை நேரடியா யாரும் கேக்க மாட்டாங்க. "வீடு எங்க?" "எந்தப் பக்கம்?" "கோயிலா, சர்ச்சா?" சர்ச்சுன்னா "சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா?" மூணாவது கேள்விக்குள்ள ஆளை எடை போட்டு முடிச்சிடுவாங்க. நான் பதில் எழுதப் போறதில்ல. எவர்சில்வர் டம்ளர் கிடைக்குற ஆளு, இந்தப் பதிவுக்கு அது போதும்.

படிக்கிறப்போ இதைப் பத்தி வகுப்புல ஒரு வார்த்தை வந்ததா ஞாபகம் இல்ல. ஒரு விசேஷம் சொல்றேன். இந்தியாவோட முதல் சமூகப்பணிக் கல்லூரி பம்பாய்ல 1936ல தொடங்கினது, இன்னைக்கு டாட்டா இன்ஸ்டிட்யூட்னு சொல்றோமே, அதுதான். தொடங்கி நடத்தினவர் ஒரு அமெரிக்கப் பாதிரியார், பாடமும் அங்க இருந்தே வந்தது. அதே 1936லதான் அம்பேத்கர், லாகூர்ல பேச விடாம நிறுத்தப்பட்ட தன்னோட உரையை 'சாதியை அழித்தொழித்தல்'னு புத்தகமாப் போட்டார். அதே வருஷம் நவம்பர் 12ந் தேதிதான் எங்க திருவாங்கூர்ல கோயில் நுழைவுப் பிரகடனம். மூணும் ஒரே வருஷம். எங்க சிலபஸுல ஒண்ணுதான் இருந்தது.

வெளிநாட்டுல இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு பின்னாடிதான் தேடிப் படிச்சேன். பிரிட்டன்ல 1989ல சமூகப்பணிப் படிப்புக்கான விதிகள்லயே, இனவெறியை எதிர்த்து வேலை செய்யத் தெரிஞ்சிருக்கணும்னு சேத்தாங்க. பத்திரிகைகள்ல பெரிய சண்டை நடந்து, சில வருஷத்துல விதியோட வேகத்தைக் குறைச்சாங்க. 2001ல டர்பன்ல ஐ.நா.வோட இனவெறி எதிர்ப்பு மாநாடு. நம்ம தலித் அமைப்புகள் சாதியையும் அதுல சேக்கணும்னு போய் நின்னாங்க. இனம் வேற, சாதி வேறன்னு சொல்லி நம்ம அரசாங்கம் ஒத்துக்கல. ரெண்டும் ஒண்ணா வேறயான்னு பெரியவங்க பேசட்டும். திண்ணை ஓரத்துல வச்ச கப்பை எடுக்குற கைக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியும்னு எனக்கு சந்தேகம்தான்.

*

சரி, கதைக்கு வர்றேன். ஏன்னா நான் செஞ்ச பெரிய தப்பு அது இல்ல. அடுத்ததுதான்.

அக்கா கேட்ட கேள்வி ஒரு மாசம் என்னைப் போட்டு அரிச்சது. அடுத்த கூட்டத்துக்கு அதே வீடு. சாயா வந்ததும் நான் எந்திரிச்சு, "எனக்கும் இதே மாதிரி கப்பு தாங்கம்மா. இல்லன்னா அக்காவுக்கும் டம்ளர் தாங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சினிமா மாதிரி இருந்தது. திண்ணையே அமைதி. வீட்டம்மா முகம் செத்துப் போச்சு. உள்ள போய் இன்னொரு டம்ளர் கொண்டு வந்தாங்க. அக்கா அதுல குடிச்சாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்திருந்தது.

ஒரு வாரத்துல அந்த ஊர்ல இருந்து அலுவலகத்துக்குப் ஃபோன். டீச்சருக்கு பதிலா வேற ஆளை அனுப்பணுமாம். காரணம் கேட்டா, "கணக்கு சரியா சொல்லித்தர மாட்டேங்காவ"ன்னு பதில். எட்டு குழுவை ஒண்ணுமில்லாததுல இருந்து உருவாக்கினவங்க அக்கா. எங்க பொறுப்பாளர் ரொம்ப யோசிக்கல. "ஊர் ஒத்துழைப்பு முக்கியம்"னு சொல்லி அக்காவை வேற ஊருக்கு மாத்திட்டார். மலையடிவாரம், ரெண்டு பஸ் மாறிப் போகணும். என்னை மாத்தல. என்னை மாத்தணும்னு யாரும் கேக்கவும் இல்ல.

நான் அக்கா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். மரச்சீனி அவிச்சு வச்சிருந்தாங்க. சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டேன். அப்புறமாக் கேட்டாங்க:

"மக்கா, அன்னைக்கு நீ எனக்கு வேண்டி பேசினியா, உனக்கு வேண்டி பேசினியா?"

பதில் சொல்லல.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா. அந்த வீட்டு மருமவ ஒருத்தி உண்டு. ரெண்டு மாசமா நான் போனா அவளே வாசலுக்கு வந்து கப்பைக் கையில தருவா, மாமியாருக்குத் தெரியாம. எப்பிடியும் ஒரு வருசத்துல நான் உள்ள போயிருப்பேன். எங்க பாட்டுக்கு ஒரு வழி வெட்டிட்டு வந்தேன். நீ வந்து ஜேசிபி விட்டுட்ட." (சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.)

முதல் தடவை அக்காவை மறந்துட்டுச் சும்மா இருந்தேன். ரெண்டாவது தடவை அக்காவை மறந்துட்டு வீரம் காட்டினேன். ரெண்டு தடவையும் செலவு அவங்களுக்கு.

அன்னைக்கு அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. இந்தப் பதிவு எழுதுறதே அதுக்காகத்தான்.

"உங்க சார்கிட்ட போய் சண்டை எல்லாம் போடாத. இனிமே யாராவது ஆளை மாத்தணும்னு கேட்டா, காரணத்தை எழுதித் தரச் சொல்லு. கையெழுத்தோட. அவ்வளவுதான்."

போய்ச் சொன்னேன். பொறுப்பாளர் முதல்ல முறைச்சார். அப்புறம் அவருக்கே பிடிச்சுப்போச்சு, நிர்வாகம் மாதிரி இருந்ததால. விதியாகவே போட்டோம். எந்த ஊர்ல இருந்து எந்தக் களப்பணியாளரை மாத்தச் சொன்னாலும், குழுத் தீர்மானமா, காரணத்தோட எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரணும். அதுக்கப்புறம் நான் அங்க இருந்த ஆறு வருஷத்துல ஃபோன் நிறைய வந்தது. எழுத்துல ஒண்ணு கூட வரல. மனசுல இருக்குறதைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் இல்ல. 1989ல வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு காரணமா இருக்கலாம். எழுத்துல படிச்சா தங்களுக்கே அசிங்கமா இருக்கும்ங்குறது இன்னொரு காரணமா இருக்கலாம்.

கூடவே இன்னும் ரெண்டு சேத்தோம். கூட்டம் யார் வீட்டுத் திண்ணையிலயும் கிடையாது. பால்வாடி, நூலகம், இல்லன்னா பள்ளிக்கூடம். சாயா வச்சா குழுக் காசுல, கடையில இருந்து, எல்லாருக்கும் ஒரே கிளாஸ். களத்துல யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது நடந்தா, அன்னைக்கு சாயங்காலமே தேதி போட்டு டைரியில எழுதணும். என்ன செய்யலாம்னு முதல்ல சொல்ல வேண்டியது அது யாருக்கு நடந்ததோ அவங்க. மத்தவங்க அதுக்கு அப்புறம்.

*

டைரின்னதும் இன்னொண்ணு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள் சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு எங்க கடற்கரை முழுக்க அடி. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவுல இருந்த பாலத்தையே தண்ணி தூக்கிப் போட்டுட்டு. மறுநாள்ல இருந்து நாங்க எல்லாரும் முகாம்ல.

சில வருஷம் கழிச்சு அலுவலகத்துல பழைய ஃபைலைப் புரட்டும்போது என் கையெழுத்துல ஒரு குறிப்பு கண்ணுல பட்டது. ஒரு அம்மாவைப் பத்தி: 'சத்தம் போடுகிறார். முரட்டு சுபாவம். ஒத்துழைப்பு இல்லை.' அந்த அம்மா தன் பிள்ளையைத் தேடிக்கிட்டு இருந்தவங்க. வேற எப்படிப் பேசுவாங்க? கடக்காத்துலயும் அலைச் சத்தத்துலயும் பேசிப் பழகினவங்க சாதாரணமாவே உரக்கத்தான் பேசுவாங்க. உள்நாட்டுக்காரனான நான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த 'கடப்புறத்து ஆளுவ அப்படித்தான்' எந்த சோதனையும் இல்லாம பேனா வழியா ஃபைல்ல இறங்கியிருக்கு. 1982ல மண்டைக்காட்டுக் கலவரம் நடந்த மண்ணு இது. அந்தப் பேச்சு எங்க கொண்டு போய் விடும்னு எங்களுக்குத் தெரியாததில்ல.

ஃபைல்ல ஒரு வார்த்தை விழுந்தா அது ஆளை விட நாள் இருக்கும். அடுத்து வர்ற பணியாளர் அந்த அம்மாவைப் பாக்குறதுக்கு முன்னாடியே 'முரடு'ன்னு படிச்சிட்டுத்தான் போவார். உதவிப் பட்டியல்ல பேர் எந்த வரிசையில வரும்ங்குறது வரைக்கும் அது வேலை செய்யும். இப்போ புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தா நான் சொல்றது ஒண்ணுதான். சுபாவம் எழுதாதீங்க. பாத்ததை எழுதுங்க. 'பிள்ளையைக் காணோம், சத்தமாக அழுதார்.' அவ்வளவு போதும்.

*

எங்க மாவட்டத்துக்காரன் இதையெல்லாம் தெரியாம செய்யுறான்னு சொல்ல முடியாது. மேலாடை போடுற உரிமைக்காக வருஷக்கணக்கா அடி வாங்கின பெண்களோட ஊர் இது. 1859ல அரசாணை வந்தப்போ கூட மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாதுன்னு ஒரு கொக்கியோடதான் வந்தது. சாமித்தோப்புல வைகுண்டர் வெட்டின முந்திரிக் கிணத்துல எல்லா சாதியும் ஒண்ணா தண்ணி எடுத்தாங்க. அந்தக் காலத்துல அதுவே பெரிய கலகம். சுசீந்திரத்துல கோயிலைச் சுத்தின தெருவுல நடக்குறதுக்கே 1926ல சத்தியாகிரகம் பண்ண வேண்டியிருந்தது. இதையெல்லாம் மேடையில பெருமையாப் பேசுவோம். இறங்கி வந்து சாயா குடிக்கும்போது கப்பு மாறும்.

எங்க சித்தப்பா ஒருத்தர் அறுபதுகள்ல பம்பாய்ல இருந்தவர். 1966ல சிவசேனா தொடங்கின சமயம். 'மதராசி'ன்னு கூப்பிட்டு விரட்டுவாங்களாம், ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே படுத்துக் கிடப்பாங்களாம். நூறு தடவை சொல்லியிருக்கார். போன தீபாவளிக்கும் சொன்னார். அதே மூச்சுல, "இந்த வடக்கன்மாரை எல்லாம் ஊருக்குள்ள விட்டது தப்பு பாத்துக்கோ"ன்னார். 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவி, எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினாங்களே, அதை ஞாபகப்படுத்தினேன். "அது பொய் தானே"ன்னார். வீடியோ பொய்தான் சித்தப்பா. பயம் உண்மை.

*

பேப்பர் கப்புக்கு வர்றேன்.

முந்தி சிரட்டை இருந்தது. பிறகு தனி டம்ளர். அதைக் கண்டா ஃபோட்டோ எடுக்கலாம், புகார் குடுக்கலாம். பேப்பர் கப்பை என்ன செய்ய? கழுவி சுவர்ல கவுத்த வேண்டிய வேலை கூட இல்ல. 'சுத்தம்'னு ஒரு பேரும் கிடைச்சாச்சு.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அங்க போனேன். இந்தத் தடவை வீட்டுக்காரர்கிட்ட போகல. பையன்கள் தங்கியிருந்த ஷெட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச ஓட்டை ஹிந்தியில, அன்னைக்கு சாயா விஷயம் எனக்குக் கஷ்டமா இருந்தது, நான் பேசவான்னு கேட்டேன். மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. பெரியவன் சிரிச்சான். கப்பு கிடக்கட்டும் சார், எல்லா ஊர்லயும் அதுதான்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மூணு வாரமாக் கூலி பாக்கி, காண்ட்ராக்டர் இன்னைக்கு நாளைக்குன்னு சொல்றார், அதைக் கேக்க முடியுமான்னான்.

நான் ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சது கப்பை. அவன் தூங்காம யோசிச்சது கூலியை.

காண்ட்ராக்டரைப் பாத்தேன். பாக்கி எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்கன்னேன், அக்கா வழியில. முணுமுணுத்தார். எழுதினார். ரெண்டு தவணையில பாதிக்கு மேல வந்துட்டு, மீதிக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். பிள்ளை பள்ளிக்கூடத்துல சேந்தாச்சு. கப்பு இன்னும் பேப்பர்தான். வேலை முடிஞ்சு கணக்கு தீந்த பிறகு வீட்டுக்காரர்கிட்ட பேசலாம்னு பையன்களே சொல்லியிருக்காங்க. பேசுவேன்.

அக்கா இப்போ ரிட்டயர் ஆகி பேரப்பிள்ளைகளோட இருக்காங்க. நேத்து ஃபோன்ல எல்லாத்தையும் சொன்னேன்.

"முதல்ல அவனுவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"அப்பம் செரி"ன்னுட்டு, பிச்சிப்பூ என்ன விலைன்னு கேட்டாங்க.

டிஸ்கி: ஊர், ஆள் பேர் எதையும் வேணும்னுதான் விட்டிருக்கேன். பின்னூட்டத்துல 'அந்த ஊர் இதுதானே'ன்னு துப்பறிய வேண்டாம் மக்கா. உங்க வேலையில இந்த மாதிரி ஒரு கப்பு கண்ணுல பட்டிருந்தா, அதை எழுதுங்க.